ஹூக்ளி ஆத்தைத் தாண்ட மூணு வழி: கல்கத்தால கடைசி நாள், ஒரு ரிவ்யூ

கல்கத்தால நாலு நாள் சுத்தியாச்சு, அஞ்சாவது நாள் ராத்திரி ஹவுரால இருந்து பூரிக்கு ட்ரெயின். பேக்பேக் மாட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறவங்களுக்குத் தெரியும், இந்தக் கடைசி நாள் ஒரு ரெண்டுங்கெட்டான் நாள். ரூம் கையை விட்டுப் போயிருக்கும், ஊரு இன்னும் பாத்து முடிஞ்சிருக்காது. காலைல பத்து மணிக்கு செக்அவுட், ராத்திரி வரைக்கும் பன்னெண்டு மணி நேரம், முதுகுல பதிமூணு கிலோ. நான் தங்குன ஹாஸ்டல்ல (பேரு வேணாம், சட்டர் ஸ்ட்ரீட் பக்கம்) சாயங்காலம் வரைக்கும் பை இங்கயே இருக்கட்டுமான்னு கேட்டா அதுக்குத் தனியா இருநூறு ரூபாயாம். நாலு நாள் இங்கதானே தங்குனேன்னு பேசிப் பாத்தேன், அந்தப் பையன் ஃபோன்ல இருந்து தலையையே தூக்கல. சரிதான் போடான்னு பையைத் தூக்கி மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

அன்னைக்கு என் லிஸ்ட்ல இருந்தது விக்டோரியா மெமோரியல், இந்தியன் மியூசியம், சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை. மூணுல ஒண்ணு கூட பாக்கல. அதுக்குப் பதிலா ஒரே ஆத்தை அஞ்சு தடவை தாண்டுனேன், ஒரு தடவை ஆத்துக்கு அடியில, ஒரு தடவை ஆத்துக்கு மேல, மூணு தடவை தண்ணி மேலயே. ப்ளான் எல்லாம் ஒண்ணும் கிடையாது, பாதி தானா அமைஞ்சது, பாதி என் முட்டாள்தனம். இந்த ரிவ்யூ அந்த மூணு வழியைப் பத்திதான், மெட்ரோ, ஹவுரா பிரிட்ஜ், அப்புறம் லாஞ்ச்னு சொல்ற படகு. விக்டோரியா மெமோரியல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க வந்தவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம்.

முதல்ல மெட்ரோ. எஸ்பிளனேட்ல இருந்து ஹவுராவுக்கு டிக்கெட் பத்து ரூபா. பத்தே ரூபா! நம்ம ஊர்ல இந்தக் காசுக்கு ஒரு டீ கூட வராது. ஆத்துக்கு அடியில ஓடுற மெட்ரோ இந்தியாவுல இதுதான் முதல்ல வந்தது, 2024 மார்ச்ல திறந்தாங்க, 2025 ஆகஸ்ட்ல இருந்து சியால்தா வழியா சால்ட் லேக் செக்டர் ஃபைவ் வரைக்கும் ஒரே லைனா ஓடுது. பெரிய பையோட போறவனுக்கு இது சொர்க்கம். ஏசி, எஸ்கலேட்டர், லிஃப்ட், எல்லாம் பளபளன்னு இருக்கு. பையை மெஷின்ல விட்டு எடுக்கணும், அது ஒண்ணுதான் வேலை.

ஆனா ஆத்தைத் தாண்டுற அனுபவம்னு ஒண்ணு எதிர்பாத்துப் போனீங்கன்னா, அது மொத்தமே முக்கா நிமிஷம்தான். ஆத்துக்கு அடியில சுரங்கம் 520 மீட்டர், 45 செகண்ட்ல தாண்டிடுது. நாம ஆத்துக்குக் கீழ இருக்கோம்னு தெரியுறதுக்காக சுரங்கத்துச் சுவத்துல நீலக் கலர் லைட் போட்டு வெச்சிருக்காங்க, அது வந்ததும் ஊருக்குப் புதுசா வந்தவங்க எல்லாம் ஃபோனைக் கண்ணாடியில ஒட்டி வெச்சு வீடியோ எடுக்குறாங்க, ஆபீஸ் போறவங்க கண்ணைக் கூடத் திறக்கல. என் பக்கத்துல ஒரு குடும்பம், அதுல ஒரு அஞ்சு வயசுப் பையன் கண்ணாடியில மூக்கை நசுக்கிக்கிட்டு "பானி கஹான் ஹை?" (தண்ணி எங்க?)ன்னு கேட்டான். அவங்க அப்பா மேல கூரையைக் கைகாட்டுனாரு. பையன் கூரையைப் பாத்தான், டியூப் லைட்டைப் பாத்தான், அப்பாவைப் பாத்தான், முகம் தொங்கிடுச்சு. தம்பி, எனக்கும் அதே ஃபீலிங்தான். அதுக்குள்ள ஹவுரா வந்துடுச்சு. அந்த ஸ்டேஷன் தரைக்கு முப்பது மீட்டருக்கும் கீழ இருக்கு, எஸ்கலேட்டர்ல ஏறுறோம் ஏறுறோம் ஏறிக்கிட்டே இருக்கோம், ரயில்ல போன நேரத்தை விட மேல வர்ற நேரம் ஜாஸ்தின்னு தோணுச்சு. மெட்ரோவுக்கு அஞ்சுக்கு மூணு. லக்கேஜ் இருந்தா நாலு.

ஹவுரா ஸ்டேஷன் க்ளோக் ரூம் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதுல நிறைய பேர் மாட்டுவாங்க. ட்ரெயின் டிக்கெட்டும் ஐடியும் வேணும், அது எல்லாருக்கும் தெரியும். பையில பூட்டு இருக்கணும்ங்கறது ரூல், அதை நான் யோசிக்கவே இல்ல. சூட்கேஸ்னா பிரச்சனை இல்ல. என்னோடது மேல கயிறு இழுத்துக் கட்டுற மாதிரியான ட்ரெக்கிங் பை, அதுல பூட்டை எங்க போடுறது? ரூலைப் படிக்காம வந்தது என் தப்புதான். வெளிய வந்து, ட்ரெயின்ல பெட்டியைக் கட்டி வைக்கிற சங்கிலியும் பூட்டும் விக்கிற ஆளைப் பிடிச்சு நூத்தி இருபது ரூபா கொடுத்து வாங்கி, பையை நெட்டுவாக்குல ஒரு சுத்து, குறுக்குவாக்குல ஒரு சுத்துன்னு கோயில் யானைக்குப் போடுற மாதிரி போட்டுப் பூட்டி எடுத்துட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்தவர் அதைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. ஆனா வாங்கி வெச்சுக்கிட்டாரு. ஹாஸ்டல்காரனுக்கு இருநூறு கொடுத்திருந்தா எண்பது ரூபாதான் நஷ்டம் ஆயிருக்கும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு, ஆனா சங்கிலி நம்ம கையில இருக்குல்ல.

கை ரெண்டும் ஃப்ரீ ஆனதும் பாலத்து மேல நடந்தேன். ஹவுரா பிரிட்ஜ் தெரியாதவங்க யாரு, கேலண்டர்ல இருந்து பாடப் புத்தகம் வரைக்கும் பாத்ததுதான். ஆனா படத்துல பாத்துட்டு நேர்ல போய் அதுக்குக் கீழ நின்னா ஒரு மாதிரி தொண்டை அடைக்கும். 26,500 டன் இரும்பு, ஆத்துக்கு நடுவுல ஒரு தூண் கிடையாது, நட்டு போல்ட்டு கிடையாது, அத்தனையும் ரிவெட் அடிச்சுச் சேத்தது. 1943 பிப்ரவரில திறந்தப்ப உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்துச்சு, ஜப்பான்காரன் குண்டு போட்டுடுவானோன்னு பயந்து எந்த விழாவும் இல்லாம கமுக்கமாத் திறந்திருக்காங்க, முதல்ல ஓடுன வண்டி ஒரு ட்ராம். இவ்ளோ பெரிய பாலத்துக்கு ஒரு ரிப்பன் கூட இல்ல! அப்புறம் 1965ல ரவீந்திர சேதுன்னு பேரு மாத்துனாங்க, ஆனா அந்தப் பேரைச் சொல்லி வழி கேட்டா யாருக்கும் சட்டுனு புரியல, ஹவுரா பிரிட்ஜ்னாதான் கையை நீட்டுறாங்க. ட்ராம் 1993லயே இந்தப் பாலத்துல நின்னுடுச்சு.

நடக்குறதுக்கு ரெண்டு பக்கமும் அகலமான நடைபாதை இருக்கு, ஆனா அது வேடிக்கை பாக்குறவனுக்கு இல்ல, வேலைக்குப் போறவனுக்கு. இதை முதல் ரெண்டு நிமிஷத்துலயே புரிய வெச்சுடுவாங்க. தலையில ஆளுயர மூட்டை, கூடை, அட்டைப்பெட்டி அடுக்கு, அப்படியே ஓட்டமும் நடையுமா வராங்க, அவங்களுக்கு நின்னு நிதானிக்க முடியாது, நாம நடுவுல நின்னு செல்ஃபி எடுத்தோம்னா பின்னாடி இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க, பாஷை புரியலன்னாலும் அர்த்தம் புரியும். ஓரமா கம்பியைப் பிடிச்சு நின்னுக்கங்க. பஸ் போறப்ப எல்லாம் காலுக்கு அடியில பாலம் லேசா அதிருது, முதல்ல எனக்குத்தான் தலை சுத்துதோன்னு நெனச்சேன். இன்னொண்ணு, வெத்தலை எச்சில். துப்பித் துப்பியே இரும்பு அரிச்சுப் போச்சுன்னு தூண் அடிப்பாகத்துக்கு ஃபைபர் கவர் போட்டு வெச்சிருக்காங்க, இப்ப கவர் மேல துப்புறாங்க. பாலத்துக்கு நாலு. ஒண்ணு குறைச்சது அந்த எச்சிலுக்காக.

அந்தப் பக்கம் இறங்குனதும் பாலத்துக்குக் கீழயே மல்லிக் காட் (காட்னா படித்துறை) பூ மார்க்கெட். நம்ம மாட்டுத்தாவணி, கோயம்பேடு பாத்த கண்ணுக்கு இது வேற மாதிரி. மல்லி வாசனையைத் தேடுன மூக்குக்கு ஏமாத்தம்தான், இங்க ராஜ்ஜியம் சாமந்தியோடது. ஆரஞ்சு, மஞ்சள்னு கோத்த சரத்தைக் கயிறு மாதிரி கத்தை கத்தையாக் கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, தூரத்துல இருந்து பாத்தா ஆளு தெரியாது, பூவுக்கு ரெண்டு கால் முளைச்ச மாதிரி இருக்கும். காளிக்குப் போடுறதுக்கு செம்பருத்தி மொட்டுல 108 கோத்த மாலை. கீழ ஒரே சகதி, செருப்பு போட்டுட்டுப் போனா அவ்ளோதான், ஷூ போடுங்க. ஒரு விஷயம், இந்த ஊர்ல ஆம்பளைங்க யாரா இருந்தாலும் தாதா, அதாவது அண்ணன். வழி விடுங்க தாதா, எவ்ளோ தாதா. நம்ம ஊர்ல ஒருத்தரைப் பாத்து தாதான்னா அவர் பின்னாடி நாலு சுமோ வரும், இங்க பூக்காரரும் தாதா, டிக்கெட் கிழிக்கிறவரும் தாதா, எனக்கே நாலு நாளா நாலு பேரு அந்தப் பட்டம் கொடுத்துட்டாங்க.

அப்படியே ஸ்ட்ராண்ட் ரோட்டைப் பிடிச்சு டல்ஹௌசி வரைக்கும் நடந்தேன். செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்குள்ள போனது வெயிலுக்கு ஒதுங்கத்தான், ஆனா அங்க ஒரு ஆச்சரியம் காத்திருந்துச்சு. கல்கத்தாவை உருவாக்குனவர்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்த ஜாப் சார்னாக் (2003ல ஹைகோர்ட்டு அப்படிச் சொல்லக்கூடாதுன்னு தீர்ப்பே கொடுத்துடுச்சு, அது வேற கதை) அவரோட சமாதி அங்கதான். அந்தச் சமாதிக் கல்லு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? பல்லாவரம்! மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல போன கல்லு. தாமஸ் ஹாலண்ட்னு ஒரு ஜியாலஜிஸ்ட் இந்தக் கல்லைப் பாத்துட்டு 1893ல அந்தப் பாறை வகைக்கே சார்னாகைட்னு பேரு வெச்சுட்டாரு, உலகம் முழுக்க இப்ப அதான் பேரு. நான் குரோம்பேட்டைக்காரன். பல்லாவரம் மலையைத் தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின் ஜன்னல்ல பாத்து வளந்தவன், கல்லு உடைக்கிற சத்தம் கேட்டுத் தூங்கினவன், இங்க ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து அதே கருநீலக் கல்லைத் தடவிப் பாத்துட்டு நின்னேன். சில்லுன்னு இருந்துச்சு. ஊருல இருக்கப்ப அந்த மலையை ஒரு தடவை கூடத் தொட்டுப் பாத்ததில்ல.

சாப்பாடு டேக்கர்ஸ் லேன்ல, சிக்கன் ஸ்டூவும் ரெண்டு டோஸ்ட்டும். மிளகு தூக்கலா, தண்ணியா, காய்ச்சல்காரனுக்குக் கொடுக்குற மாதிரி ஒரு ஸ்டூ, ஆனா அந்தப் பசிக்கு தேவாமிர்தம். ஆபீஸ் கூட்டம் அலைமோதும், நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும்.

இனி மெயின் மேட்டர், லாஞ்ச். ஃபெர்ரின்னும் சொல்றாங்க, லாஞ்ச்னு சொன்னா ரிக்‌ஷாக்காரர் வரைக்கும் புரியுது. ஃபேர்லி காட்ல டிக்கெட் வாங்குனேன், நான் கொடுத்தது ஆறு ரூபா. அதுக்குக் கிடைச்சது ஒரு இரும்புப் படகு, ரெண்டு பக்கமும் திறந்தவெளி, நடுவுல நீளமா பெஞ்சு, கூரையில தொங்குற லைஃப் ஜாக்கெட்டு (யாரும் தொடுறதில்ல), அடியில இருந்து தடதடன்னு இன்ஜின் சத்தம், மூஞ்சில அடிக்கிற காத்து. வெங்காயத்தாமரை கூட்டம் கூட்டமா மிதந்து போகுது. தெற்கால பாத்தா வித்யாசாகர் சேது கம்பி கம்பியா, 1992ல திறந்த பாலம், வடக்கால பாத்தா ஹவுரா பிரிட்ஜ். ரெண்டு பாலத்துக்கும் நடுவுல நாம. ஒரு ஆள் சைக்கிளோட ஏறியிருந்தாரு, ஒரு அம்மா மீன் கூடையோட. பத்து நிமிஷம் கூட ஆகல, அந்தப் பக்கம் வந்துடுச்சு. எனக்கு இறங்கவே மனசில்ல.

அதனால என்ன பண்ணுனேன், ஹவுரா பக்கம் இறங்கி, பாபு காட் போற லாஞ்சைப் பிடிச்சு அப்படியே விக்டோரியாவுக்குப் போயிடலாம்னு மறுபடி டிக்கெட் எடுத்தேன். அதுக்கு முன்னாடி ஜால்முரி. அதை விக்கிற ஆள் கழுத்துல தொங்குற தட்டுல ஒரு இருபது டப்பா இருக்கும். தகர டப்பாவுல பொரியைக் கொட்டி, வெங்காயம், பச்சை மிளகா, வேகவெச்ச உருளை, கடலை, ஒரு மசாலாப் பொடி, எல்லாத்துக்கும் மேல பச்சைக் கடுகெண்ணெய் ரெண்டு சுத்து, கரண்டியை வெச்சு டகடகடகன்னு ஒரு அடி, பேப்பர் பொட்டலத்துல கொட்டி மேல ஒரு தேங்காச் சில்லைக் குத்தி நீட்டுவாரு. முதல் வாய்க்குக் கடுகெண்ணெய் மூக்குல ஏறும், மூணாவது வாய்க்குப் பழகிடும், அஞ்சாவது வாய்க்குக் காலி. பொட்டலம் யாரோ ஒரு பையனோட கணக்குப் பரீட்சைப் பேப்பர். பத்துக்கு நாலு.

அந்த நாலு மார்க் பையனைப் பத்தி யோசிச்சுக்கிட்டே படகுத்துறையில தப்பான பக்கம் போயிட்டேன். போர்டு பெங்காலில இருந்துச்சு, கூட்டம் ஏறுச்சு, நானும் ஏறிட்டேன். லாஞ்ச் கிளம்பி, தெக்கப் போக வேண்டியது வடக்க திரும்புது. பக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட "பாபு காட்?"னேன். அவர் பொறுமையா, நேர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டிட்டு, "பாக்பஜார்"னாரு. அவ்ளோதான், விக்டோரியா மகாராணிக்கு டாட்டா.

ஆனா மக்களே, அந்தத் தப்புதான் இந்த டிரிப்லயே நான் பண்ண ஒரே உருப்படியான காரியம். ஏன்னா அந்த லாஞ்ச் ஹவுரா பிரிட்ஜுக்கு அடியில போகுது. மேல நடந்தப்ப தெரியாதது இங்கதான் தெரியுது, பாலத்தோட வயிறு. அண்ணாந்து பாத்தா இரும்பு மேல இரும்பு, குறுக்க நெடுக்க, ரிவெட்டு வரிசை வரிசையா கடுகு தாளிச்ச மாதிரி, அதுக்கு நடுவுல புறா, அதுக்கும் மேல லட்சம் பேரு நடக்குற சத்தம் ஒரு மாதிரி ங்ங்ங்னு கேக்குது. ஒரு பத்து செகண்ட் நிழல், சில்லுன்னு, அப்புறம் மறுபடி வெயில். அதைத் தாண்டுனா காட் காடா வருது, குளிக்கிறவங்க, துவைக்கிறவங்க, ஆத்தங்கரையை ஒட்டியே போற சர்க்குலர் ட்ரெயின், நிம்தலா சுடுகாட்டுப் புகை. தாகூரை 1941ல எரிச்சது அங்கதான். படகுல யாரோ ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, பேச்சு ஒரு நிமிஷம் அடங்கிட்டு மறுபடி ஆரம்பிச்சுது.

ஷோபாபஜார்ல இறங்கிட்டேன். அங்க இருந்து குமார்டுலி நடக்குற தூரம்தான், சாமி சிலை செய்யுறவங்க தெரு. ஜனவரி மாசம், சரஸ்வதி பூஜை வரப்போகுது, சந்து முழுக்க சரஸ்வதி. மூங்கில்ல கட்டி வைக்கோலைச் சுத்தின சரஸ்வதி, களிமண் பூசின சரஸ்வதி, வெள்ளை பெயின்ட் அடிச்சு கண்ணு வரையாத சரஸ்வதி, தலையே இல்லாம கையில வீணைக்கு இடம் விட்டுக் காத்துக்கிட்டு இருக்குற சரஸ்வதி. ஒரு பெரியவர் வாசல்ல குத்தவெச்சு விரல் மட்டும் செஞ்சுக்கிட்டு இருந்தாரு. களிமண்ணைப் புட்டு உள்ளங்கையில ஒரு உருட்டு, நுனியைக் கிள்ளி ஒரு வளைவு, குச்சியால நகத்துக்கு ஒரு கீறல், பலகையில வைக்கிறாரு. நம்ம வீட்ல பாட்டி சேமியா உருட்டுற வேகம். பலகை முழுக்க விரல். போட்டோ எடுக்கலாமா தாதான்னு கையால கேட்டேன், தலையாட்டுனாரு, ஆனா அவரு நிமிரவே இல்ல. அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுருப்பேன். சந்து குறுகல், வழியில நிக்காதீங்க, சிலை தூக்கிட்டு வர்றவங்களுக்கு ஒதுங்குங்க.

லாஞ்ச்ல ஹவுராவுக்குத் திரும்ப வர்றப்ப பொழுது சாயுற நேரம். பனி இறங்கி, ஆறும் வானமும் ஒரே சாம்பக் கலர், பாலத்துல லைட் போட்டுட்டாங்க. ஆபீஸ் விட்ட கூட்டம், நிக்க இடம் இல்ல, ஆனா ஓரக் கம்பி கிடைச்சுடுச்சு. மண் குவளைல டீ குடிச்சு முடிச்ச ஒருத்தர் குவளையை ஆத்துல விட்டாரு, அது கொஞ்ச தூரம் மிதந்துட்டு முழுகுச்சு.

லாஞ்சுல குறையே இல்லயான்னா இருக்கு. நதியில ஏத்தவத்தம் உண்டு, தண்ணி வத்துற நேரம் படகுத்துறைக்கு இறங்குற பாலம் செங்குத்தா சரியும், வயசானவங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கணும். கயிறு கட்டுறதுக்கு முன்னாடியே தாவுற ஜனம் இருக்கு, அவங்களோட சேந்து நாமளும் தாவக்கூடாது. பெங்காலி படிக்கத் தெரியலன்னா ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டயாவது கேட்டுக்கங்க (இல்ல, கேக்காமலே ஏறுங்க, என்னைக் கேட்டா). ராத்திரி சீக்கிரமே நிறுத்திடுவாங்க, கடைசி லாஞ்ச் எத்தனை மணிக்குன்னு கவுண்டர்ல விசாரிச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை கம்மியாத்தான் ஓடும். இதெல்லாம் சேத்தும் அஞ்சுக்கு அஞ்சு. ஆறு ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன கேப்பீங்க.

க்ளோக் ரூம்ல ரசீதைக் கொடுத்ததும் அதே ஆள், அதே சிரிப்பு, என் யானையை இழுத்துட்டு வந்து கொடுத்தாரு. பூரி வண்டி புது காம்ப்ளக்ஸ்ல இருந்து கிளம்பும், பழைய கட்டடத்துல இருந்து நல்ல நடை, நேரம் வெச்சுப் போங்க. லோயர் பெர்த்துக்கு அடியில ஒரு வளையம் இருந்துச்சு, சங்கிலியை அதுல மாட்டிப் பூட்டிட்டுப் படுத்துட்டேன். காலைல பூரில வண்டி நின்னப்ப சாவியைத் தேடினேன் பாருங்க, கடைசில அது இருந்தது அந்தப் பத்துக்கு நாலு பொட்டலத்துக்குள்ள, கடுகெண்ணெய் வாசனையோட.